பின் சக்கரம் கடைசியில்

மார்ச் மாதத்து முதல் சனிக்கிழமை காலை, தேவாலயத்து நிலவறைப் படிகளில் ஒரு பெண் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அவளை ஸ்டான் ஹூடாக் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் சைக்கிளை அவனுக்குத் தெரியும். பாசிப்பச்சை நிறம், மேல் குழாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல், இருக்கைக்குக் கீழே சுற்றிய சிவப்பு நாடா. ஆயிரம் சைக்கிளுக்கு நடுவில் நிறுத்தினாலும் அதை அவன் அடையாளம் சொல்லிவிடுவான். கையிலிருந்த காப்பிக் கோப்பையை மேசை மேல் வைப்பதாக நினைத்துக்கொண்டு மேசைக்கு அரை அடி முன்னாலேயே கையை விட்டான்.

"விடிஞ்சும் விடியாம உடைக்க ஆரம்பிச்சாச்சா?" என்று யூலா துடைப்பத்தை எடுத்து வந்தாள். அந்த நிலவறைப் பட்டறையை நடத்துகிறவள் அவள்தான். வார நாளில் பஸ் ஓட்டுகிறவள். பிட்ஸ்பர்க்கின் மேடு பள்ளமெல்லாம் அவளுக்கு உள்ளங்கை ரேகை. பட்டறைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. உன் வண்டி, உன் கை. பாடம் சொல்வார்கள், கருவி தருவார்கள், பக்கத்தில் நிற்பார்கள். ஆனால் வண்டிக்குச் சொந்தக்காரர்தான் திருக வேண்டும், கழற்ற வேண்டும், கையைக் கறுப்பாக்கிக்கொள்ள வேண்டும். மேயரே வந்தாலும் அதில் மாற்றம் இல்லை என்று யூலா அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தாள்.

வந்தவள் பெயர் நோரீன் டெம்ப்சி. ஐம்பது வயதிருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"இது என் மகன் டோபினோடது. அவன் இப்ப இல்ல. இத்தனை நாளும் வண்டி போலீஸ்கிட்ட இருந்துச்சு, போன மாசந்தான் விட்டாங்க. நான் ஓட்டலாம்னு இருக்கேன். ஒரே கியர் போதும். ஆனா மிதிக்காம விட்டா சக்கரம் அதுபாட்டுக்கு உருளணும். முன்னால பின்னால ரெண்டு பக்கமும் பிரேக் வேணும்."

"சக்கர வேலைன்னா ஸ்டான்தான்" என்றாள் யூலா. "மூஞ்சி எப்பவும் இப்படித்தான் இருக்கும், அதைப் பாக்காதீங்க. கை நல்ல கை."

ஸ்டான் என்ற பெயரைக் கேட்டதும் அவள் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று அவன் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. பையன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஸ்டானுடைய நெஞ்சு இரண்டரை வருஷமாகக் குறுகுறுத்துக் குறுகுறுத்து, அந்தச் சனிக்கிழமை நின்றேவிடும் போல இருந்தது.

நடந்தது இதுதான். இரண்டரை வருஷத்துக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம் டோபின் அதே படிகளில் இறங்கி வந்தான். இருபத்திரண்டு வயது, ஒல்லி, வெயிலிலும் கம்பளித் தொப்பி. மாமா ஓட்டி ஓய்ந்த பத்து கியர் சைக்கிள் அது, அவன் பிறப்பதற்குப் பல வருஷம் முன்னால் வாங்கியது. கியரையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே பல்சக்கரம் வைத்து, அதையும் பின் சக்கரத்தோடு சேர்த்து இறுக்கிவிட வேண்டும் என்றான். சக்கரம் உருண்டால் பெடலும் சுற்றும். பெடலை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும். அந்த வருஷம் ஊரிலிருந்த வாலிபப் பிள்ளைகள் எல்லாருக்கும் அதே பைத்தியம்தான். மலை மேல் கட்டிய ஊரில் ஒற்றைக் கியரில் போவதற்கு முட்டியில் ரப்பர் வேண்டும். இருந்தாலும் ஆசை யாரை விட்டது?

இரண்டு பேருமாக வேலை பார்த்தார்கள். கியர் மாற்றும் கைகளைக் கழற்றினார்கள், கம்பிகளை உருவினார்கள், முன்னால் இருந்த இரண்டு பல்வட்டங்களில் ஒன்றை எடுத்தார்கள், செயினைக் குறைத்தார்கள். மிதிக்காதபோது சக்கரத்தை அதன்போக்கில் உருளவிடும், பின்னாலிருந்த ஐந்தடுக்கு ஃப்ரீவீலைக் கழற்றியபோதுதான் சிக்கல். பழைய சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் மரை ஒரே திசையில்தான் ஓடும். முன்னால் மிதிக்க மிதிக்கப் பல்சக்கரம் இறுகும். நிறுத்துவதற்காகக் காலைப் பின்னால் அழுத்தினால் கழலப் பார்க்கும். இந்த வேலைக்கென்றே செய்த ஹப்பில் எதிர்த் திசையில் இறுகும் பூட்டு வளையம் ஒன்று இருக்கும். அப்படி ஒரு சக்கரம் வர மூன்று வாரம் ஆகும் என்று யூலா தலையைத் தூக்காமலே சொன்னாள்; அதே கேள்வியோடு வந்த பையன்களில் யார் யாரென்று அவளுக்கு நினைவில் நிற்கவில்லை. பையனுக்கு மூன்று நாள் பொறுமைகூட இல்லை.

அங்கேதான் ஸ்டான் வாயைக் கொடுத்தான். வேறு வளையம் ஒன்றைத் தேடி எடுத்து, மரையில் திருகு கழலாமல் பிடிக்கும் பசை தடவி, பல்சக்கரத்தைத் தன் முழு எடையும் போட்டு முடுக்கினான். முன் பிரேக்கை மட்டும் கழற்றாதே என்று சொன்னான். சொன்னான்தான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பையன் சந்தேகமாகப் பார்த்தபோது, "நான் முடுக்கினது நானா நெனச்சாத்தான் கழலும். நாப்பது மாடி லிஃப்ட்டையே இந்தக் கைதான் தாங்கிட்டிருக்கு" என்று பீற்றிக்கொண்டான். அவனுக்குப் பிழைப்பு லிஃப்ட் பழுதுபார்ப்பது. நுணலும் தன் வாயால் கெடும். ஸ்டான் விஷயத்தில் கெட்டது இன்னொருவன். கழலாது என்று பெரிய மனிதர் ஒருவர் சொன்ன பிறகு பிரேக் எதற்கு என்று பையன் நினைத்திருப்பான். மூன்றாம் வாரமே கழற்றி எறிந்துவிட்டான்.

அக்டோபரில், பெக்கர் தெரு இறக்கத்தில் வேகமாக வந்து, கீழே பெரிய சாலையில் சிவப்பு விளக்கைத் தாண்டி, ஒரு ரொட்டி லாரியின் முன் போனான். பேப்பரில் நான்கு வரி வந்தது. பிரேக் இல்லாத சைக்கிள் என்று போட்டிருந்தார்கள். பட்டறையில் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள், பிள்ளைகள் பேச்சுக் கேட்பதில்லை என்றார்கள். ஸ்டானும் தலையை ஆட்டினான். அடக்கத்துக்குப் போகவில்லை.

பல்சக்கரம் கழன்றதா, இறுகியபடியே இருந்ததா என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. இறுகி இருந்தால் பையன் விதி. கழன்றிருந்தால் ஸ்டான் கொன்றான். இந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டரை வருஷம் குடியிருந்தான். அந்த மாதிரி வண்டியை அதற்குப் பிறகு அவன் தொடவில்லை. யாராவது அப்படிப்பட்ட ஒன்றைத் தூக்கித் தாங்கியில் மாட்டிச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டால், ஏறி உட்கார ஆளில்லாமல் பெடல்கள் மட்டும் மேலும் கீழும் போய்வரும். அதைக் கண்டால் ஓடிப்போய்க் கையால் பிடித்து நிறுத்துவான். ஒருமுறை உள்ளங்கை கிழிந்து நான்கு தையல் போட்டார்கள். பெக்கர் தெரு வழியாக வேலைக்குப் போவதை விட்டு, இரண்டு மைல் சுற்றிப் போனான். சில நாள் வேலைக்கு நடுவில், தோளுக்குப் பின்னால், "அவ்வளவுதானா?" என்று பையன் கேட்பான். வேலை முடிந்த அன்று அவன் அப்படித்தான் கேட்டான், சிரித்துக்கொண்டு.

இப்போது சைக்கிளே வந்து நிற்கிறது. முன் சக்கரம் மழையில் நனைந்த அப்பளமாக வளைந்திருந்தது. செயின் கழன்று, போலீஸ் சீட்டு கட்டிய பிளாஸ்டிக் பையில் ஹேண்டில்பாரில் தொங்கியது. மற்றபடி வண்டிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பின் சக்கரத்தின் நடுவே, அழுக்கும் துருவும் அப்பிக்கொண்டு, அந்தப் பல்சக்கரம் இருந்தது. குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும். ஸ்டான் குனியவில்லை.

"பின் சக்கரத்துலேந்து ஆரம்பிக்கலாமா?" என்றாள் நோரீன்.

"பின் சக்கரம் கடைசியில" என்றான் ஸ்டான். "முதல்ல வண்டிச் சட்டம் நேரா இருக்கான்னு பாக்கணும். கோணலா இருந்தா மத்த வேலையெல்லாம் வீண்."

அதுவும் பொய்யில்லை. நூலைப் பின் முனையில் கட்டி, முன் குழாயைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து, இருபுறமும் இடைவெளியை அளக்கச் சொன்னான். அளந்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. சட்டத்தில் கோணல் இல்லை. அந்த லாரி சைக்கிளை விட்டுவிட்டுப் பையனை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது.

நோரீனுக்கு வேலை படிந்த கை. முப்பது வருஷம் கத்தரி பிடித்த மணிக்கட்டு. ஒருமுறை காட்டினால் மறுமுறை கேட்கமாட்டாள். வளைந்த சக்கரத்தை எடுத்துவிட்டு, குவியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்தாள். பிரேக் கைகளை மாட்டினாள். முந்தின நாள் வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளிதோறும் தேவாலயத்தில் நடக்கும் விருந்துக்கு மீன் பொரித்த எண்ணெய் வாசம் இன்னும் போகாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதிகம் பேசவில்லை. பேசியது ஒரே ஒரு தடவை.

"இந்த மாதிரி வண்டிய நிறுத்தவே முடியாதா?"

ஸ்டான் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். "முடியும். காலைப் பின்னால அழுத்தணும். பழகினவங்களுக்கு முடியும்."

"டோபின் பழகினவன்தான்" என்றாள் அவள். "லாரி ஓட்டினவரு, பையன் கொஞ்சங்கூட வேகத்தைக் குறைக்கலன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

அதை அவன் குற்றச்சாட்டாகவே கேட்டான். இவளுக்கு எல்லாம் தெரியும், வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தான். தன்னைச் சுற்றியே உலகம் சுழல்கிறது என்று நினைப்பது குற்றவாளிக்கு ஒரு வியாதி. அவள் பேசியபடியே, சட்டத்திலிருந்து கழற்றிச் சாய்த்திருந்த பின் சக்கரத்தின் பக்கம் கையை நீட்டி, பல்சக்கரத்தை இரண்டு விரலால் தொடப் போனாள். ஸ்டான் சட்டென்று சக்கரத்தை இழுத்துக்கொண்டான். பல் கையைக் கிழித்துவிடும் என்றான். சக்கரத்தை எடுத்துப்போய், பல்சக்கரம் சுவரைப் பார்க்கும்படி ஆணியில் மாட்டினான். அடுத்த சனிக்கிழமை இதை மட்டும் முடித்துவிடலாம் என்று அவளை அனுப்பிவைத்தான்.

அந்த வாரம் அவன் லிஃப்ட் வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். எதிலும் ருசியில்லை. அடுத்த சனிக்கிழமை அவள் தன் கையாலேயே அதைக் கழற்றப் போகிறாள். கழன்றிருந்தால் கருவியே வேண்டாம், விரல் பட்டாலே சுற்றும். அவளுக்குப் புரியாவிட்டாலும் யூலா பக்கத்தில் நிற்பாள். யூலாவுக்கு ஒரு பார்வை போதும். யார் போட்டது என்று கேட்பாள். அவளிடம் பொய் சொல்லி ஜெயித்தவர் கிடையாது.

புதன்கிழமை மத்தியானம் வேலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தேவாலயத்துக்குப் போனான். நிலவறைச் சாவி அவனிடம் ஒன்று உண்டு. பக்கத்துச் சமையலறையில் பெண்கள் வெள்ளிக்கிழமைக்காக உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் பாத்திரச் சத்தமும் சுவரைத் தாண்டி வந்தன. ஸ்டான் ஆணியிலிருந்து சக்கரத்தை எடுத்துத் திருப்பினான்.

பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் இடைவெளி இருந்தது. ஒரு நாணயம் நுழையும்.

அப்போதும் அவன் நம்பவில்லை. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் பல்லின் மேல் வைத்தான். திருப்பினான். துருப்பிடித்த முனகலோடு அது சுற்றியது. ஊறுகாய் பாட்டில் மூடிக்குக்கூட அதைவிட அதிக பலம் வேண்டும். அந்த அரைச் சுற்றில் ஸ்டான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். பெக்கர் தெரு இறக்கம், கீழே சிவப்பு விளக்கு, பையன் இரண்டு காலையும் பின்னால் ஊன்றி அழுத்துகிறான், சக்கரம் நிற்பதற்குப் பதிலாகக் காலுக்குக் கீழே எதுவுமே இல்லாமல் போகிறது. பெடல் வெறுமையாகப் பின்னால் ஓடுகிறது. வண்டி மட்டும் முன்னால் போகிறது. ஸ்டான் தரையில் உட்கார்ந்துவிட்டான். சத்தம் போட்டு அழ வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானோ. பிறகு எழுந்து அவன் செய்ததை நினைத்தால் இதைச் சொல்லும் எனக்கே கோபம் வருகிறது. தளர்ந்து கிடந்த வளையத்தையும் பல்சக்கரத்தையும் முழுதாகக் கழற்றினான். மரையில் பழைய பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவினான். வேலைக்காரக் கை, அழிச்சாட்டியம் செய்தாலும் சுத்தமாகத்தான் செய்யும். துணியைக் குப்பையில் போட்டான். புதுப் பசை தடவினான். பல்சக்கரத்தை மாட்டி, நீளப் பிடியில் செயின் துண்டு கோத்த சாவியை, அங்கே சாட்டை என்பார்கள், அதைப் போட்டு, சக்கரத்தை முட்டியால் அணைத்து, முடிந்த மட்டும் முடுக்கினான். வளையத்தையும் ஏற்றினான். மேலே பழைய கறுப்பு மசியை அள்ளிப் பூசினான்.

முடுக்கிய நேரம் முழுக்கப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. வழக்கமாகக் கேட்கும் கேள்வி அன்று வரவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமலே விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தான்.

சனிக்கிழமை நோரீன் பட்டறை திறக்கும் முன்பே வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். முடியை இறுக்கக் கட்டியிருந்தாள். சக்கரத்தைக் கீழே எடுத்து வைத்ததும், தானே கழற்றுவதாகவும் யாரும் கை வைக்க வேண்டாமென்றும் சொன்னாள். அதுதானே இங்கே சட்டம் என்று யூலா மெச்சிக்கொண்டாள். ஸ்டான் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, நோரீன் முதலில் உளி வைத்துத் தட்டி வளையத்தை எடுத்தாள். பிறகு சாட்டையைப் பல்சக்கரத்தில் சுற்றிப் பிடியை இழுத்தாள்.

அசையவில்லை. மறுபடி இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். பிடி வளைந்ததே தவிர பல்சக்கரம் இம்மியும் நகரவில்லை. யூலா வந்து இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள். குதிரையைக் கட்டித்தான் இழுக்கணும் போல என்றாள். கடைசியில் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கி, நோரீனும் ஸ்டானும் சேர்ந்து தொங்கினார்கள். படாரென்று விட்டுக்கொடுத்தது. நோரீன் முட்டி தரையில் மோத விழுந்தாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. கழன்ற பல்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரோ கூப்பிட்டதால் யூலா வாசல் பக்கம் போயிருந்தாள்.

"இது இதுக்கு முன்னாடியே கழண்டிருக்க வாய்ப்பு இல்லதானே?" என்று நோரீன் கேட்டாள்.

"இல்ல" என்றான் ஸ்டான். "நல்லா இறுகித்தான் இருந்துச்சு." சொல்லும்போது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் அவன் வாழ்க்கையின் கடைசி நிம்மதி.

"அப்ப சரி" என்றாள் அவள். அவனைப் பார்க்காமல், மடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் கடைக்கு ஒருத்தர் முடி வெட்ட வருவாரு. வயசு காலத்துல சைக்கிள் பந்தயமெல்லாம் ஓட்டினவரு. அவர்தான் சொன்னாரு, பழைய சக்கரத்துல இதை மாட்டியிருந்தா, பையன் காலைப் பின்னால தள்ளி நிறுத்தப் பாத்திருந்தா, இது கழண்டிருக்கும்னு. கழண்டிருந்தா அவன் நிறுத்தப் பாத்திருக்கான்னு அர்த்தம். அதைப் பாக்கத்தான் வந்தேன். முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க எனக்குப் பிடிச்ச மாதிரி ஏதாவது சொல்லிடுவீங்க. அதான் சொல்லல. அந்த செப்டம்பர் மாசம் முழுக்க அவன் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தான், தெரியுமா. காலேஜை விட்டுட்டான். சாப்பாட்டைக் கதவுக்கு வெளிய வெச்சுட்டு வருவேன், அப்படியே இருக்கும். அன்னிக்குத் திடீர்னு எந்திரிச்சு, முகங்கழுவி, எனக்கு முத்தங்குடுத்துட்டுப் போனான். சரியாயிட்டான்னு நெனச்சேன். ஒருத்தன் எதுக்கு அப்படிக் கிளம்புவான்னு பின்னாலதான் யோசிச்சேன்."

பல்சக்கரத்தின் பற்களை விரலால் வருடினாள். பிறகு, "அவன் நிறுத்தப் பாக்கவே இல்ல. வேணும்னேதான் போயிருக்கான்" என்றாள்.

அந்த இடைவெளியை, நாணயம் நுழையும் இடைவெளியை, ஸ்டான் தன்னைப் பற்றிய தீர்ப்பாக மட்டும்தான் படித்திருந்தான். அது ஒரு தாய்க்கு எழுதிய கடிதம் என்பது அவன் புத்தியில் ஏறவேயில்லை. பையன் கடைசி நொடியில் இரண்டு காலாலும் எழுதியதை அவன் புதன்கிழமை மத்தியானம் தூரிகை போட்டுத் தேய்த்திருந்தான்.

"கழண்டுதான் இருந்துச்சு" என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஆகஸ்ட், பசை, தான் பீற்றிக்கொண்டது, பிரேக், புதன்கிழமை, இரண்டு விரல், இடைவெளி, முடுக்கியது. நாக்கு குழறியது, முன்னுக்குப் பின் வந்தது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முகம் ஒருமுறை மலர்ந்தது, அதை ஸ்டான் கண்ணால் பார்த்தான். ஒரு நொடிக்கு அவளுக்கு இருபது வயது குறைந்தது. பிறகு அவள் மடியில் கிடந்த பல்சக்கரத்தையும், சிவந்து தோலுரிந்த தன் உள்ளங்கையையும் பார்த்தாள். முகம் மெதுவாகப் பழையபடி ஆகிவிட்டது.

"ரெண்டு பேரு குழாய் போட்டுத் தொங்கினோம்" என்றாள் அமைதியாக. "என் கையாலதானே இழுத்தேன்."

"நான் முடுக்கினதாலதான். சத்தியமாச் சொல்றேன். துணி இருக்கு, பழைய பசை தொடச்ச துணி." ஸ்டான் ஓடிப்போய்க் குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்தான். உள்ளே அன்று காலையில் யாரோ போட்ட காப்பிக் கோப்பையும் ஒரு கிழிந்த ட்யூபும் இருந்தன. வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்காக நிலவறைத் தொட்டிகளையெல்லாம் காலி செய்திருந்தார்கள். மண்டியிட்டுக்கொண்டு அந்த இரண்டு பொருளையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற ஐம்பத்துநான்கு வயது மனிதனை அவள் இரக்கத்தோடு பார்த்தாள். அந்த இரக்கம்தான் அவனை உயிரோடு கொன்றது.

யூலாவைக் கூப்பிட்டான். இந்த மாதிரிப் பசை போட்டு ஒட்டியது கழலுமா கழலாதா, நீயே சொல் என்று கேட்டான். யூலா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கழலும்னுதான் சொல்வாங்க. இந்த வேலை வேண்டாம்னு நானே உன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். "ஆனா இது கழலலியே, ஸ்டான். இப்பதானே என் கண்ணால பாத்தேன்."

நோரீன் எழுந்து குழாயடியில் கை கழுவினாள். ஆரஞ்சு வாசனை சோப்பை நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள், பாதியில் விட்டுப் போகிற பெண் இல்லை அவள். புது ஃப்ரீவீலைக் கையாலேயே மரையில் ஏற்றினாள். சக்கரத்தைச் சட்டத்தில் பொருத்தி, செயினை அளந்து வெட்டி, பின்னால் இழுத்து இறுக்கினாள். சரியாக இருக்கிறதா என்று அவனிடம் கேட்டாள். அவன் தொட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றான். அவள் சக்கரத்தைச் சுழற்றிவிட்டாள். பெடல்கள் அசையாமல் நின்றன. சக்கரம் மட்டும் டிக் டிக்கென்று உருண்டு ஓய்ந்தது.

ஸ்டான் இன்னொரு முறை ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ரெண்டரை வருஷமா எல்லாரும் எனக்கு நல்லதாத்தான் சொல்றாங்க. அவன் லாரியைப் பாக்கவே இல்லன்னு போலீஸ்காரர் சொன்னாரு. வலியே இருந்திருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. யாரும் தன் மேல பழிய இழுத்துப் போட்டுக்கிட்டுச் சொன்னதில்ல, நீங்கதான் மொத ஆளு. உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு. ஃபாதர்கூட இவ்வளவு நல்லாச் சொல்லல" என்று சொல்லி, அவனுடைய கறுத்த கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்திவிட்டு, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினாள்.